படகு கவிழ்ந்தது விதியா, கணக்கா?
(கம்பத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் படகைப் பற்றியது. கடல் இருக்கும் திசையே தெரியாத கம்பத்தில் நின்றுகொண்டு படகைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். கடவுளைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் ஏதாவது சொல்லுவான் என்று எதிர்பார்த்து வந்தவர்களும் இருப்பீர்கள். அவசரப்பட வேண்டாம். படகைப் பற்றிப் பேசினாலும் விதியும் ஜாதியும் தாமாகவே அதில் வந்து ஏறிக்கொள்ளும்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். சர்க்கார் நடத்துகிற படகானாலும், பஸ்ஸானாலும், ரயிலானாலும், அதில் தினந்தோறும் ஏறி இறங்குகிற ஜனங்களைக் கொண்ட ஓர் ஆலோசனைச் சபை அதற்குச் சட்டப்படி இருக்க வேண்டும். அந்தச் சபை கேட்கிற கேள்விக்கு நிர்வாகம் எழுத்து மூலம் பதில் சொல்லியாக வேண்டும். இதை நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒப்புக்கொள்ளாதீர்கள். காரணங்களைச் சொல்லுகிறேன், வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள்.

தோழர்களே! நம் தலைக்கு மேலே, குமுளி மலையின்மேல், தேக்கடியில் ஓர் ஏரி இருக்கிறது. அது இயற்கையாக உண்டான ஏரி அல்ல. 1895-ல் பெரியாற்றின் குறுக்கே அணை கட்டி முடித்ததால் உண்டான ஏரி. அந்தத் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இறங்கி, கூடலூரிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் நெல்லாக விளைகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் அதை நம்பியிருக்கிறது. அணை வழக்கைப் பற்றி நான் இன்று பேசப்போவதில்லை. அந்த ஏரியிலே ஓடுகிற படகைப் பற்றித்தான் பேசுகிறேன்.

2009-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி மாலை, கேரள சர்க்காரின் சுற்றுலாக் கழகத்துக்குச் சொந்தமான "ஜலகன்னிகா" என்ற இரண்டடுக்குப் படகு அந்த ஏரியிலே கவிழ்ந்தது. குழந்தைகள் உள்பட 45 பேர் மாண்டுபோனார்கள். பல மாகாணங்களிலிருந்து உல்லாசமாகப் பொழுதுபோக்க வந்தவர்கள் அவர்கள். கரையில் நின்ற காட்டு மிருகங்களைப் பார்க்க ஜனங்கள் படகின் ஒரே பக்கத்துக்கு நகர்ந்தார்கள், மேல்தட்டிலே பாரம் கூடிற்று, உயிர்காப்புச் சட்டை போட்டிருக்கவில்லை என்றெல்லாம் அப்போது செய்திகள் வெளிவந்தன. மொய்தீன் குஞ்சு என்ற ஓய்வுபெற்ற ஜட்ஜைக் கொண்டு விசாரணைக் கமிஷனும் போட்டார்கள்.

அப்படிப்பட்ட சாவு நேர்ந்தால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? "அவர்கள் விதி அவ்வளவுதான்" என்கிறார்கள். "எமன் அங்கே வரச்சொல்லிக் கூப்பிட்டான்" என்கிறார்கள். உயிர் பிழைத்தவனைப் பார்த்து, "உனக்கு ஆயுள் கெட்டி" என்கிறார்கள். நான் கேட்கிறேன், 45 பேருடைய தலையெழுத்தும், ஒருவரையொருவர் அறியாத ஊர்களிலே பிறந்தவர்களுடைய தலையெழுத்தும், ஒரே படகுக்கு ஒரே மாலையில் டிக்கட் வாங்கிற்றா? படகு கவிழ்வதற்கு எமன் வேண்டியதில்லை. பாரம் மேலே ஏற ஏறப் படகின் நிலை தளரும். ஒரு பக்கம் பாரம் மிஞ்சினால் அந்தப் பக்கம் சாயும். பரிசல் ஓட்டுகிறவனுக்கும் தெரிந்த கணக்கு இது. கணக்கிலே பிழை நேர்ந்தால் பிழை செய்தவன் ஒருவன் இருப்பான். அவனைக் கேள்வி கேட்கலாம், திருத்தலாம். விதி என்று சொல்லிவிட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆகவே, விதியை நம்புகிறவன் தன்னை அறியாமலே குற்றவாளிக்கு வக்கீலாகிறான்.

அந்த ஏரியையே ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். பென்னிகுயிக் என்ற எஞ்சினீயர் அந்த அணையைக் கட்டும்போது, செய்த வேலையை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. அவர் "விதி" என்று மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குப் போயிருந்தால் இன்று நமக்குக் கஞ்சி ஏது? மறுபடியும் கணக்குப் போட்டார், மறுபடியும் கட்டினார். லோயர் கேம்பிலே அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. நம் ஊர்களிலே அவர் படத்தை வைத்துப் பொங்கலும் வைக்கிறோம். நன்றி பாராட்டுவது நல்லதுதான். ஆனால் அவர் படத்துக்குச் சூடம் கொளுத்துகிற கையால் அவர் போட்ட மாதிரி ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தால் அல்லவா அவருக்கு மரியாதை?

நாமோ என்ன செய்கிறோம்? புது வண்டி வந்தால் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம், மாலை போடுகிறோம், தேங்காய் உடைக்கிறோம். எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிய பலகை இருக்கிறதா, பிரேக்கைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்பவர் எத்தனை பேர்? எலுமிச்சம்பழத்துக்கு எத்தனை ஆள் பாரம் தாங்கும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதவில்லை.

தேக்கடிக்கு ஏழு வருஷம் முன்னாலேயே இன்னொரு பாடம் நடந்தது. 2002-ம் வருஷம் ஜூலை 27-ந் தேதி அதிகாலை, வேம்பநாட்டுக் காயலிலே, முகம்மாவிலிருந்து குமரகத்துக்குப் போன படகு கவிழ்ந்து 29 பேர் மாண்டார்கள். அது கேரள சர்க்காரின் ஜலப் போக்குவரத்து இலாகாவே நடத்திய படகு. மாண்டவர்களிலே பலர் சர்க்கார் உத்தியோகப் பரீட்சை எழுதப் போன ஏழை வாலிபர்களும் பெண்களும். அன்று பரீட்சை என்பது சர்க்காருக்குத் தெரியும்; கூட்டம் வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். படகிலே நெருக்கித்தான் ஏற்றினார்கள். அதற்கும் நாராயண குருப் என்ற ஜட்ஜைக் கொண்டு ஒரு கமிஷன்.

கமிஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கமிஷன் என்பது செத்தவர்களுக்காகப் போடப்படுவது. உயிரோடு இருக்கிறவர்களுக்காக என்ன இருக்கிறது? குமரகத்துக்கு நாள்தோறும் போகிற பிரயாணிக்கு எந்தப் படகு பழசு, எந்த நேரத்தில் கூட்டம் மிதமிஞ்சும் என்பது தெரியும். மீன் கூடைக்காரிக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். சொன்னதை எழுதி வைக்க ஒரு புத்தகம் வேண்டும். அதற்குப் பதில் சொல்ல ஓர் உத்தியோகஸ்தர் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நான் சொல்லுகிற ஆலோசனைச் சபை.

இங்கே ஒரு தோழர், "வெறும் ஆலோசனைதானே, அதிகாரம் இல்லையே, அதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். விபத்து நடந்த பிறகு நிர்வாகம் சொல்லுகிற முதல் வார்த்தை என்ன? "எங்களுக்குத் தெரியாது, யாரும் எங்களிடம் சொல்லவில்லை" என்பதுதான். இன்ன தேதியில், இன்ன படகில் கூட்டம் மிஞ்சுகிறது என்று சபை எழுத்து மூலம் சொல்லி, அதற்கு நிர்வாகம் கையெழுத்துப் போட்டுப் பதிலும் கொடுத்திருந்தால், அந்த வார்த்தையை அவர்கள் சொல்ல முடியாது. தெரியாது என்ற சாக்கைப் பிடுங்கிவிட்டாலே உத்தியோகஸ்தருக்குப் பாதிப் பொறுப்பு தானாக வந்துவிடும். அந்தச் சாக்கைப் பிடுங்குகிற அதிகாரம் சின்ன அதிகாரமா?

இன்னொருவர், "படிக்காத ஜனங்களுக்குப் படகின் நுட்பம் என்ன தெரியும்?" என்பார். செருப்புத் தைக்கத் தெரிந்தவன் ஒருவன். எங்கே கடிக்கிறது என்று தெரிந்தவன் போட்டுக்கொண்டவன். எஞ்சினீயரின் வேலையை யாரும் பறிக்கவில்லை. கடிக்கிற இடத்தைச் சொல்லுகிற உரிமையைத்தான் கேட்கிறோம். "உனக்கு என்ன தெரியும், வாயை மூடு" என்று நம்மை ஆயிரக்கணக்கான வருஷம் கோவில் வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் நிறுத்தி வைத்தார்கள். அதே வார்த்தையைப் படகுத்துறை வாசலிலும் கேட்டுக்கொண்டு நிற்பது சுயமரியாதைக்காரனுக்கு அழகா?

குமரகம் இருக்கிற அதே வேம்பநாட்டுக் காயலின் கரையில்தான் வைக்கம் இருக்கிறது. நம்மிலே பலர் குமுளி ஏறி, கோட்டயம் வழியாக வைக்கத்துக்குப் போய், 2024-ம் வருஷம் டிசம்பரில் புதுப்பித்துத் திறந்த பெரியார் நினைவகத்தைப் பார்த்து வந்திருக்கிறீர்கள். அங்கே 1924-ல் நடந்த கிளர்ச்சி எதற்காக? கோவிலைச் சுற்றிய தெருவிலே நடப்பதற்காக. பொதுப் பணத்தில் போட்ட தெருவில் நாயும் பன்றியும் நடக்கலாம், ஈழவனும் புலையனும் நடக்கக்கூடாது என்றார்கள். பெரியார் அங்கே போய்ச் சிறைக்கும் போனார். அந்தக் கிளர்ச்சி மார்ச் 30-ந் தேதி ஆரம்பமாவதற்கு இரண்டரை மாதம் முன்பு, அதே ஜனவரியில், நாராயண குருவின் சீடரும் பெரிய கவியுமான குமாரன் ஆசான், பல்லனையாற்றிலே அளவுக்கு மீறி ஜனங்களை ஏற்றிய ஒரு படகு கவிழ்ந்து மாண்டார். அது தனியார் படகு. ஜாதிக் கொடுமையை எதிர்த்து எழுதிய அந்தக் கையைத் தின்றது ஜாதி அல்ல, கணக்கில்லாத பாரம். ஆகவே, ஏறுவதற்கு உரிமை கிடைத்தால் மட்டும் போதாது. ஏறிய பிறகு பத்திரமாக இறங்குவதற்கும் உரிமை வேண்டும்.

ஏறும் உரிமைக்காக நம் இயக்கம் செய்த காரியங்களை வாலிபத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்குப் பக்கத்துப் பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன், 1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். அவர் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்றமாட்டேன் என்கிற பஸ்ஸுக்கு லைசென்ஸ் இல்லை என்று உத்தரவு போட்டார். ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கடைகளில் "பிராமணாள்", "இதராள்" என்று பிரித்து வைத்திருந்த ஏற்பாடும் நம் கிளர்ச்சியால் 1941-ல் ஒழிந்தது. இவையெல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் மனமிரங்கிக் கொடுத்தவை அல்ல. பிரயாணி கேட்டான், கிடைத்தது.

ஆலோசனைச் சபை என்பது நான் கற்பனையிலே கண்ட புதுமையும் அல்ல. இந்திய ரயில்வேக்களை விசாரித்த ஆக்வொர்த் கமிட்டி 1921-லேயே, ஜனங்களின் யோசனையைக் கேட்க ஆலோசனைச் சபைகள் வேண்டும் என்று சொல்லிற்று. இன்றும் ரயில்வேயிலே கோட்டத்துக்கு ஒன்று, மண்டலத்துக்கு ஒன்று என்று உபயோகிப்பாளர் ஆலோசனைக் கமிட்டிகள் இருக்கின்றன. அமெரிக்காவிலே வாஷிங்டன் மாகாணத்தில் சர்க்காரே பெரிய படகுகளை ஓட்டுகிறது. அங்கே படகுத்துறை இருக்கிற பகுதிகளுக்கு, படகில் போய்வருகிற ஜனங்களைக் கொண்ட ஆலோசனைக் கமிட்டிகள் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

நம் தேசத்துச் சட்டத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. இருந்தும் நமக்கு இல்லை. வேடிக்கையைக் கேளுங்கள். 1950-ம் வருஷத்து ரோடு போக்குவரத்துக் கார்ப்பரேஷன் சட்டத்தின் 17-வது பிரிவிலே, கார்ப்பரேஷனுக்கு ஆலோசனைச் சபைகளை மாகாண சர்க்கார் ஏற்படுத்தலாம் என்று இருக்கிறது. "ஏற்படுத்தலாம்" என்றுதான் இருக்கிறதே ஒழிய, "ஏற்படுத்த வேண்டும்" என்று இல்லை. நம் தமிழ்நாட்டு பஸ் கழகங்களோ அந்தச் சட்டப்படி உண்டானவையே அல்ல. 1972-ல் மதுரையிலே தனியார் பஸ்களை எடுத்துக்கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டபோதும் கம்பெனிச் சட்டப்படிதான் ஏற்பட்டது. இன்றைய கழகங்களும் கம்பெனிகள்தான். பணம் ஜனங்களுடையது, பிரயாணி ஜனங்கள், கம்பெனியின் கூட்டத்திலே மட்டும் ஜனங்களுக்கு நாற்காலி இல்லை. முதலாளி கையிலிருந்து சர்க்கார் கைக்கு வந்தது நல்ல காரியம். சர்க்கார் கையிலிருந்து ஜனங்கள் கைக்கு வருவதுதான் பாக்கி.

அதனால் நம் பள்ளத்தாக்குக்கு என்ன நஷ்டம் என்று பார்ப்போம். 1928-ல் போடிக்கு ரயில் வந்தது. அகலப் பாதையாக்குகிறோம் என்று 2010-ம் வருஷக் கடைசியோடு அதை நிறுத்தினார்கள். தேனிக்கு மறுபடியும் ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதம். மதுரையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் பாதைக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல்! ரயில் ஓடாத ஊர்க்காரனுக்கு ஆலோசனைக் கமிட்டியிலே என்ன இடம்? மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஓர் அதிகாரி தேனியிலே ஜனங்கள் முன் நின்று, "இவ்வளவு வேலை முடிந்தது, இதனால் தாமதம், இன்ன தேதியில் முடியும்" என்று சொல்லியாக வேண்டும் என்ற ஏற்பாடு இருந்திருந்தால், பன்னிரண்டு வருஷம் அவ்வளவு சுலபமாகக் கழிந்திருக்குமா?

ரயிலை விடுங்கள். விடிவதற்கு முன்னாலே கம்பத்திலும், கூடலூரிலும், போடியிலும், தேவாரத்திலும் தெருவில் நின்று பாருங்கள். மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியும் கையுமாக ஜீப்பிலே ஏறுகிறார்கள். உட்கார வேண்டிய எண்ணிக்கை என்ன, உட்காருகிற எண்ணிக்கை என்ன என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் பாரத்தோடு கம்பம் மெட்டிலும் போடி மெட்டிலும் வளைவுக்கு வளைவு ஏறி, இருட்டிய பிறகு இறங்குகிறார்கள். படகு கவிழ்ந்த கணக்குதான் இந்த ஜீப்புக்கும் கணக்கு. சர்க்கார் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021-ம் வருஷம் மே மாதத்திலிருந்து ஏற்பாடு இருக்கிறது. நல்ல ஏற்பாடு. அதை "ஓசி" என்று கேலி பேசுகிறவன் மூடன். அது பிச்சை அல்ல, ஜனங்கள் பணத்திலே ஜனங்களுக்குச் செய்கிற வசதி. ஆனால் கூலிக்காரப் பெண் புறப்படுகிற நேரத்துக்கு, அவள் போகிற தோட்டத்துப் பாதையில் பஸ் இல்லாவிட்டால், அவளுக்கு அந்த இனாம் டிக்கட்டால் என்ன லாபம்? கால அட்டவணை போடுகிற மேஜைக்கு முன்னால் அவளுக்கு ஒரு நாற்காலி இருந்தால், முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிடமாட்டாளா?

"குறை இருந்தால் திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுக்கலாமே" என்பார்கள். தோழர்களே, அதற்கு மனுநீதி நாள் என்றே ஒரு பெயரும் உண்டு. மனுவினுடைய நீதி நமக்கு எப்படிப்பட்டது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை! மனு கொடுக்கிறவன் கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறான். சபை மெம்பர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறான். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சுயமரியாதை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கமிட்டி என்று ஒன்று வந்தால், அதில் யார் போய் உட்காருவார்கள்? காரிலே போகிற பெரிய மனுஷர், மில் முதலாளி, கட்சிக்காரரின் மைத்துனர்! பஸ் படியிலே கால் வைத்து இருபது வருஷமான ஆசாமி பஸ்ஸுக்கு ஆலோசனை சொல்லுவார். அப்படிப்பட்ட சபை இருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல். ஆகவே, நாம் கேட்கிற சபை எப்படி இருக்க வேண்டும் என்பதை இப்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது, மெம்பர்களில் பாதிப்பேருக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். கூலிக்காரர், மாணவர், தாழ்த்தப்பட்டவர், உடல் ஊனமுற்றவர் ஆகியோருக்கு இடம் இருக்க வேண்டும். டிரைவரும், கண்டக்டரும், படகோட்டியும் இருக்க வேண்டும். ஏனென்றால் பழுது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும், பழி அவர்கள்மேல்தான் முதலில் விழும்.

இரண்டாவது, மந்திரி நியமனம் கூடாது. பிரயாணிகள் ஊர்க் கூட்டத்திலே பகிரங்கமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெம்பருக்கு இனாம் பாஸ் கூடாது. பாஸ் கொடுத்தால் வாய் அடைத்துப்போகும்.

மூன்றாவது, கூட்டம் பங்களாவிலே கதவைச் சாத்திக்கொண்டு நடக்கக்கூடாது. பஸ் ஸ்டாண்டிலும் படகுத்துறையிலும் ஜனங்கள் கேட்கும்படி, ஜனங்கள் பாஷையில் நடக்க வேண்டும். தேக்கடி போன்ற இடத்திலே மலையாளத்திலும் தமிழிலும் நடக்க வேண்டும்.

நான்காவது, எத்தனை பேர் ஏறலாம், கடைசியாகச் சோதித்த தேதி என்ன, எத்தனை தடவை வழியிலே நின்றது, எத்தனை விபத்து நேர்ந்தது என்ற கணக்குகளைச் சபை கேட்காமலே அதன் முன் வைக்க வேண்டும். புதுப் படகு விடுமுன்னும், தடத்தை நிறுத்துமுன்னும் சபையைக் கேட்க வேண்டும்.

ஐந்தாவது, சபை சொன்ன யோசனைக்கு முப்பது நாளில் எழுத்து மூலம் பதில் வர வேண்டும். ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்ற காரணத்தை எழுதி, படகுத்துறையிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்ட வேண்டும்.

இவை நடக்காத காரியங்களா? வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் சூரிய வெளிச்சத்தால் ஓடுகிற படகை அதே ஜலப் போக்குவரத்து இலாகாதான் ஓட்டுகிறது. இந்தியாவிலேயே முதல் முதல் ஓடிய அப்படிப்பட்ட படகு அது. சர்க்காரால் புதிய காரியம் செய்ய முடியாது என்பது பொய். சூரியனைக் கொண்டு படகு ஓட்டத் தெரிந்த காலத்திலே, ஜனங்கள் யோசனையைக் கொண்டு நிர்வாகம் ஓட்ட முடியாதா?

கடைசியாக, கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போவதால் ஒன்றும் ஆகாது. கிராமத்துத் தோழர்கள் அடுத்த கிராம சபையிலே இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். டவுன் தோழர்கள் உங்கள் கவுன்சிலரைக் கேளுங்கள். உங்கள் ஊர் பஸ்ஸின் சோதனைத் தேதியை 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்குங்கள். ஜீப்பிலே ஏறும் தாய்மார்கள் எத்தனை பேர், எந்த நேரம், எந்தத் தோட்டம் என்று தெருவுக்குத் தெரு எழுதுங்கள். அந்தக் கணக்கு நம் கையில் இருந்தால், சபை ஏற்படும் வரையில் நாமே சபை.

மறுபடியும் ஒரு படகோ ஜீப்போ கவிழ்ந்து, மறுபடியும் ஒரு ஜட்ஜ் வந்து, "இவர்கள் முன்னமே சொல்லியிருந்தார்களா?" என்று கேட்டால், ஆம் என்று காட்டுவதற்கு நம்மிடம் காகிதம் இருக்க வேண்டும். அப்படிச் சொல்லியும் எழுதியும் வைத்த ஊரிலே, கவிழ்வதற்கு முன்பே படகைக் கரையில் நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் என் நம்பிக்கை.